வெள்ளை ஈயும் ஆர்.ஐ.எஸ். கோப்பும்

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பொள்ளாச்சித் தோப்புகளில் ஒரு புது வெள்ளை ஈ இறங்கியது. தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள்சுருளாக மெழுகைப் பூசி முட்டையிடும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் வடியும். அதன்மேல் கரும்பூசணம் படரும். சில மாதங்களில் தோப்பே கறுத்துவிடும். இந்தியாவில் இந்தப் பூச்சி முதன்முதலாகப் பதிவானது அந்தப் பகுதியில்தான். அறிவியல் பெயர் அலியூரோடிகஸ் ருஜியோபெர்குலேட்டஸ். மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டு மாதிரிகளை வைத்து 2004இல் மார்ட்டின் என்ற பூச்சியியலாளர் அதை விவரித்துப் பெயரிட்டார். 2009இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. பிறகு இங்கே. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு. தளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்புக்கு அது வந்து சேர அதிக காலம் ஆகவில்லை.

நான் அப்போது விலங்கியலில் முதுநிலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். தலைப்பு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அப்பா ஒரு கீற்றை ஒடித்துக் கொண்டுவந்து திண்ணையில் போட்டு, “இதென்ன அம்மிணி, ஈரியோஃபைடு போச்சுன்னு நெனச்சா இது வந்து உக்காந்துக்குச்சு” என்றார். ஈரியோஃபைடு சிலந்தி 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் பக்கம் தென்னையில் கண்டறியப்பட்டு, பின்பு கொங்குப் பகுதிக் காய்களையெல்லாம் சூம்ப வைத்தது. அந்த நட்டம் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை.

நெறியாளர் ஒரே நிபந்தனை விதித்தார். “இந்தப் பூச்சியைப் பத்தி உலகத்துல இதுவரைக்கும் எழுதினது எல்லாத்தையும் முதல்ல சேர்த்துட்டு வாங்கம்மா. அதுக்கப்புறம் தோப்புக்குப் போகலாம்.” அவர் ஆய்வு செய்த காலத்தில் ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை என்று எழுதி அடுக்கி வைத்திருந்தார். அந்த அட்டைகள் இன்னும் அவருடைய அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், கீழே இரண்டு வரிக் குறிப்பு. கையெழுத்து மாறவே இல்லை. பல ஆண்டுகள் ஒரே ஒழுங்கில் எழுத ஒருவருக்கு என்ன பொறுமை வேண்டும் என்று அவற்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். எங்கள் தலைமுறைக்கு அந்த அட்டைகளின் இடத்தில் மேற்கோள் மேலாண்மை மென்பொருள் வந்திருந்தது. எண்ட்நோட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஜோட்டெரோ இலவசம், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையினர் 2006இல் வெளியிட்டது. இணையம் இல்லாவிட்டாலும் நம் கணினியிலேயே முழுதாக வேலை செய்யும். தளிப் பக்கத்துச் செல்போன் சிக்னலை நம்பியிருந்த எனக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

பெரிய தரவுத்தளங்களைத் திறக்கக் கோவைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதி கிடைத்திருந்தது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், வேளாண் நிறுவனங்களுக்கான ‘செரா’ கூட்டமைப்பு வழியாகக் கிடைக்கும் இதழ்கள் எல்லாம் அந்த வளாகத்துக்குள் இருந்தால்தான் திறக்கும். காலை முதல் பேருந்தில் உக்கடம் போய் இறங்கி, மாலைக்குள் முடித்துத் திரும்ப வேண்டும். ஆகவே என்ன தேடுவது என்பதை வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போகும் பழக்கம் வந்தது. இன்று நினைத்துப் பார்த்தால், அந்தப் பழக்கம்தான் என் ஆய்வைக் காப்பாற்றியது.

ஏனென்றால் இந்தப் பூச்சிக்குப் பெயர்கள் பல. அறிவியல் பெயர் ஒன்று. ஆங்கிலப் பொதுப்பெயரில் ‘ஸ்பைரலிங்’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் ஒரு ‘எல்’ போட்டு எழுதுவார்கள். நம் ஊர்க்காரர்களும் ஆங்கிலேயர்களும் இரண்டு ‘எல்’ போடுவார்கள். ஒன்றை மட்டும் தட்டினால் மற்றது வராமல் போகலாம். இடையில் நட்சத்திரக் குறி போட்டுத் தேட வேண்டும். ஃபுளோரிடாவில் அதைத் தொடக்கத்தில் ‘கம்போ லிம்போ ஸ்பைரலிங் வெள்ளை ஈ’ என்று அழைத்தார்கள். கம்போ லிம்போ என்பது அங்கத்திய மரம் ஒன்று. முதலில் அதில்தான் பூச்சியைக் கண்டார்கள். அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் ஆரம்பகால ஃபுளோரிடாக் குறிப்புகள் கைநழுவும். 1993இல் கேரளத்தில் நுழைந்த அலியூரோடிகஸ் டிஸ்பர்சஸ் என்ற வேறொரு சுருள் வெள்ளை ஈயும் உண்டு. மரவள்ளி, கொய்யா எல்லாம் அதற்குப் பிடிக்கும். பொதுப்பெயரை மட்டும் போட்டால் அதைப் பற்றிய கட்டுரைகள் மொத்தமாக வந்து குவியும்.

ஊர்ப் பெயர் இன்னொரு சிக்கல். உடுமல்பேட், உடுமலைப்பேட், உடுமலைப்பேட்டை என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை நாங்கள் கோயம்புத்தூர் மாவட்டம். எனவே பழைய கட்டுரைகளில் ‘உடுமல்பேட், கோயம்புத்தூர் மாவட்டம்’ என்றும், புதியவற்றில் ‘உடுமலைப்பேட்டை, திருப்பூர் மாவட்டம்’ என்றும் இருக்கும். ஒரே தோப்பில் பிடித்த பூச்சி இரண்டு மாவட்டங்களில் பதிவாகியிருக்கும். எந்தத் தேடுபொறியும் இதை நமக்குச் சொல்லாது. இந்த மண்ணில் பிறந்தவர்தான் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

முடிவுகள் வந்ததும் அவற்றை ஏற்றுமதி செய்து பென்டிரைவில் எடுத்துவர வேண்டும். வெப் ஆஃப் சயின்ஸ் அப்போது ஒரு தடவைக்கு 500 பதிவுகளைத்தான் கொடுக்கும். தென்னைப் பூச்சிகள் என்று அகலமாகத் தேடியபோது ஒன்றிலிருந்து ஐந்நூறு, ஐந்நூற்று ஒன்றிலிருந்து ஆயிரம் என்று பிரித்துப் பிரித்து எடுத்தேன். ஸ்கோபஸில் எந்தெந்த விவரம் வேண்டும் என்று நாம்தான் குறியிட வேண்டும். சுருக்கவுரைக்கு எதிரே உள்ள கட்டத்தைத் தொடாமல் விட்டால் தலைப்பும் ஆசிரியரும் மட்டும் வரும். வீட்டில் சரியான இணையம் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். சுருக்கவுரையோடு எடுத்து வந்தால் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துகூட எந்தக் கட்டுரை தேவை, எது தேவையில்லை என்று பிரித்துவிடலாம். கூகுள் ஸ்காலர் வீட்டிலிருந்தே திறக்கும். ஆனால் ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுகளுக்கு மேல் காட்டாது, மொத்தமாக ஏற்றுமதி செய்யும் வழியும் கிடையாது. பக்கம் பக்கமாகத்தான் ஜோட்டெரோவுக்குள் இழுக்க முடியும். எனவே அதைக் கடைசியில், விட்டுப்போனவற்றைப் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

உடுமலையில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊர் ஆய்வு மாணவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான். கணினியை முறையாகப் படித்தவர் இல்லை. வேலையில் இருந்தபோது தானாகவே கற்றுக்கொண்டவர். என் பென்டிரைவைச் செருகியதும், “மென்பொருளுக்குள்ள விடறதுக்கு முன்னால இதை நோட்பேடுல தெறந்து பாருங்க அம்மிணி. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கோணும்” என்றார்.

அன்று அவர் காட்டியதை இன்றும் என் மாணவிகளுக்குக் காட்டுகிறேன். ஆர்.ஐ.எஸ். கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ‘ரெஃபரன்ஸ் மேனேஜர்’ என்ற பழைய மென்பொருளை உருவாக்கிய ‘ரிசர்ச் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்’ நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயர். ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்தில் தொடங்கும். டி.ஒய். என்றால் இது என்ன வகை: இதழ்க் கட்டுரையா, நூலா, ஆய்வேடா. ஏ.யூ. என்றால் ஆசிரியர்; எத்தனை ஆசிரியர்களோ அத்தனை ஏ.யூ. வரிகள். டி.ஐ. தலைப்பு. பி.ஒய். ஆண்டு. டி.ஓ. என்பது டி.ஓ.ஐ., அதாவது ஒரு கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாள எண். கடைசியில் ஈ.ஆர். என்று வந்தால் அந்தப் பதிவு முடிந்தது. இரண்டு எழுத்துக்குப் பின் இரண்டு இடைவெளி, ஒரு சிறு கோடு, மறுபடி ஓர் இடைவெளி. அவ்வளவுதான் இலக்கணம். இதைத்தான் மென்பொருள் வரி வரியாகப் படித்துத் தன் கட்டங்களில் போட்டுக்கொள்கிறது. ஈ.ஆர். வரி சிதைந்துவிட்டால் எது எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. வகையைத் தப்பாகக் குறித்து அனுப்பினால் ஆய்வேடு இதழ்க் கட்டுரையாக வந்து நிற்கும்.

அவர் எனக்குச் சொன்ன எச்சரிக்கைகளில் ஒன்று இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். சேமிக்கும்போது எழுத்துக் குறியீடு யூ.டி.எஃப்.-8 ஆக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மாறிவிட்டால் ஸ்பானியப் பெயர்களில் மேலே வரும் குறிகளும், போர்ச்சுகீசியத் தலைப்புகளும், நம் தமிழ் எழுத்துகளும் கேள்விக்குறிகளாகவோ வேறு குறிகளாகவோ சிதைந்துவிடும். தென்னை வெள்ளை ஈ பற்றி எழுதியவர்களில் பிரேசில்காரர்களும் உண்டு என்பதால் எனக்கு இது நேரடியாகவே தேவைப்பட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோவைப் பேருந்து நின்றது. அதற்குள் கோப்புகள் எல்லாம் என் கையில் இருந்தன. பகலில் அப்பாவோடு தோப்பில் மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டுவதும், ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவதும், கரும்பூசணம் உதிர மைதா மாவுக் கரைசல் தெளிப்பதும் நடக்கும். ராத்திரி மடிக்கணினி. ஒவ்வொரு கோப்பையும் தனித் தொகுப்பாக இறக்கி, தரவுத்தளத்தின் பெயரையும் தேதியையும் அதன் தலையில் எழுதினேன். நூலகர் ஐயா அப்படித்தான் சொல்லியிருந்தார்: எது எங்கிருந்து வந்தது என்ற தடம் அழியக் கூடாது.

பிறகு இரட்டைப் பதிவுகள். ஒரே கட்டுரை இரண்டு மூன்று தரவுத்தளங்களிலிருந்தும் வந்திருக்கும். ஜோட்டெரோவில் அவற்றைத் தனியே காட்டும் பகுதி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்து இணைக்க வேண்டும். இணைத்த பிறகும் அந்தப் பதிவு எந்தெந்தத் தொகுப்பில் இருந்ததோ அத்தனையிலும் நிற்கும் என்பது அதன் சிறப்பு. டி.ஓ.ஐ. எண் உள்ள புதிய கட்டுரைகளில் சிரமமே இல்லை. பழைய கட்டுரைகளில்தான் வேலை. டி.ஓ.ஐ. இல்லாதபோது மென்பொருள் தலைப்பை ஒப்பிடும். தலைப்புப் பொருந்தினால், ஆண்டு ஒன்றுக்கு மேல் விலகாமல் இருக்கிறதா, ஆசிரியர்களில் ஒருவருடைய குடும்பப்பெயரும் முன்பெயரின் முதலெழுத்துமாவது ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். நியாயமான விதிதான். குடும்பப்பெயர் உள்ள ஊர்களுக்கு.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு நம் பெயரை எழுதுகிறோம். சிலர் ஊரின் எழுத்தையும் சேர்ப்பார்கள். கடவுச்சீட்டிலோ வெளிநாட்டு இதழ்ப் படிவத்திலோ குடும்பப்பெயர் கேட்கும்போது அப்பா பெயரை விரித்து எழுதிவிடுகிறோம். அங்கே பிடிக்கிறது சிக்கல். ஒரு தரவுத்தளத்தில் ஆசிரியரின் சொந்தப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கும். தலைப்பெழுத்து முன்பெயராக நிற்கும். இன்னொன்றில் தகப்பனார் பெயர் குடும்பப்பெயராகி, சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். மூன்றாவதில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக இருக்கும். அப்படியான பதிவுகளை மென்பொருள் வெவ்வேறு ஆட்களாகவே எடுத்துக்கொள்ளும். கோவையிலும் ஆழியாரிலும் காசர்கோட்டிலும் உள்ள ஆய்வு நிலையங்களில் உழைத்தவர்களின் கட்டுரைகள்தான் என் நூலகத்தில் அதிகம் சிதறிக் கிடந்தன. அமெரிக்கக் கட்டுரைகள் தாமாகவே ஒன்று சேர்ந்துகொண்டன.

இது புதுச் சிக்கல் இல்லை. ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று உலகம் அழைக்கும் கணித மேதையின் சொந்தப் பெயர் ராமானுஜன். ஸ்ரீனிவாச என்பது தந்தை பெயர். எஸ்.ஆர். ரங்கநாதனின் முதல் ‘எஸ்’ சீர்காழி, ‘ஆர்’ அவருடைய தந்தை ராமாமிருதம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைத் தந்தவர் அவர். 1934இல் வெளிவந்த தம் பட்டியலாக்க விதிநூலில் இந்தியப் பெயர்களில் எந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பது என்பதற்கும் விதி வகுத்தார். நம் பெயர்கள் மேலைநாட்டுக் கட்டங்களில் அடங்காது என்பது ஒரு தமிழ் நூலகருக்குக் கணினி வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

பெண்களுக்கு இது இன்னும் வலிக்கும். எங்கள் நெறியாளர் திருமணத்துக்கு முன்பு அப்பாவின் தலைப்பெழுத்தோடு எழுதினார். பின்பு கணவரின் எழுத்தோடு எழுதினார். தரவுத்தளங்களில் அவர் இரண்டு பேர். அவருடைய இளவயதுக் கட்டுரைகள், எனக்குப் பிடித்த கட்டுரைகள், வேறு யாரோ ஒருவருடைய கணக்கில் இருப்பதுபோல் தனியே கிடந்தன. ஒரு ராத்திரி அவற்றை இணைத்து, ஒரே பெயரின் கீழ் வந்ததும், அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சரிம்மா” என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மத்தவங்களுக்கும் அதையே பண்ணிருங்க” என்றார்.

பண்ணினேன். ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொண்டேன்: இந்தப் பெயர்களெல்லாம் இன்னார். நம் ஊர் ஆசிரியர்கள் அனைவருக்கும் சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் தலைப்பெழுத்தை மற்றதிலும் போட்டேன். அப்படி வைத்தால்தான் மேற்கோளில் ஆய்வு செய்தவரின் பெயர் வரும். இல்லாவிட்டால் உழைத்தது மகள், நூற்பட்டியலில் நிற்பது அப்பா. இந்த வேலைக்கு எந்தப் பொத்தானும் இல்லை. பூச்சியின் அறிவியல் பெயர்களையும் அப்படியே ஒவ்வொன்றாகச் சாய்வெழுத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது; ஆர்.ஐ.எஸ். வழியாக வரும்போது சாய்வு உதிர்ந்துவிடும். முழுக்கப் பெரிய எழுத்தில் வந்த தலைப்புகளை ஜோட்டெரோவே ஒரு சொடுக்கில் மாற்றித் தந்தது.

அந்த நாட்களில்தான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏன் அம்மிணி, இதுக்குள்ள எல்லாரும் எழுதுனது வந்துருச்சா?” என்றார்.

“வந்துருச்சுங்கப்பா.”

“கோயமுத்தூரு காலேஜுக்காரங்க மாசாமாசம் தமிழ்ல போடறாங்களே, அதுல வெள்ளை ஈயப் பத்தி வந்துச்சே. அது?”

இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிடும் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ இதழை அவர் படித்துவந்தார். மைதாக் கரைசலையும், என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இருக்கும் ஓலைத் துண்டுகளைத் தோப்பில் கட்டுவதையும், அந்தக் குளவியைக் கொல்லும் மருந்தை அடிக்கக் கூடாது என்பதையும் எங்கள் பக்கத்து உழவர்கள் தெரிந்துகொண்டது தமிழில் வந்த இதுபோன்ற எழுத்துகளாலும் வேளாண் அலுவலர்கள் சொன்னதாலும்தான். ஸ்கோபஸிலிருந்து நான் எடுத்துவந்த கோப்பில் அதில் ஒரு வரியும் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் இதழில் வந்த குறிப்புகள் இல்லை. நூறாண்டுக்கு மேல் வயதான ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’ இதழின் பழைய தொகுதிகளில் இருந்த தென்னைப் பூச்சிக் கட்டுரைகள் பலவும் இல்லை. பல்கலைக்கழக ஆய்வேடுகள் இல்லை. அவற்றை இன்ஃப்லிப்நெட்டின் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தனியே போய்த் தேட வேண்டியிருந்தது.

தரவுத்தளம் எதைச் சேர்த்துக்கொண்டதோ அதை மட்டுமே நமக்குத் தரும். அந்தக் கோப்பை இறக்கிவிட்டு, ‘இலக்கிய மதிப்பாய்வு முடிந்தது’ என்று எழுதுவது நம் மண்ணில் நடந்த வேலையை இல்லை என்று சொல்வதற்குச் சமம். நான் இதை உறுதியாக நம்புகிறேன்.

அப்பா சேர்த்து வைத்திருந்த இதழ்க் கட்டு பரணிலிருந்து இறங்கியது. அம்மா தூசி தட்டிக் கொடுத்தார். அப்பா கட்டுரைத் தலைப்பையும் மாதத்தையும் பக்கத்தையும் வாசிக்க, நான் தட்டினேன். ஆசிரியர் பெயரைத் தமிழ் எழுத்திலேயே போட்டேன். ஜோட்டெரோவில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் எழுதும் வசதி உண்டு, தமிழ்ப் பெயருக்கு அது பொருந்திப்போனது. மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று குறித்தேன். அப்பா சில கட்டுரைகளில் பென்சிலால், ‘செஞ்சு பார்த்தேன், பூசணம் உதிர்ந்தது’ என்பதுபோல் எழுதியிருந்தார். அதையும் குறிப்புப் பகுதியில் சேர்த்தேன். ஆய்வேட்டில் அதைக் காட்ட முடியாது. ஆனாலும் எந்தப் பரிந்துரை தோப்பில் நின்றது, எது நிற்கவில்லை என்று சோதிக்க அங்கிருந்துதான் எனக்குக் கேள்விகள் கிடைத்தன.

தேடல் நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தத் தேதியில், எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களை எப்படிச் சேர்த்துத் தேடினேன், எத்தனை வந்தன, இரட்டையாக எத்தனை கழிந்தன என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். 2009இல் வெளியான ‘பிரிஸ்மா’ நெறிமுறை, முறைசார் மதிப்பாய்வு எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் படமாகவே காட்ட வேண்டும் என்கிறது. மருத்துவத்துக்காக வந்த நெறிமுறை அது, பூச்சியியலுக்கும் பொருந்தும். இணைத்துவிட்ட பின் அந்த எண்ணிக்கையைத் திரும்பக் கணக்கிடுவது சிரமம், ஆகவே இணைக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் என் நூற்பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் எப்படித் தேடினீர்கள்?” என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் புரட்டினார். தமிழ் இதழ்ப் பதிவுகள் இருந்த பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் படித்தார்.

இப்போது நான் உடுமலையிலேயே மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். காலம் மாறிவிட்டது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும். 2025 முதல் நடைமுறை. உக்கடம் பேருந்துக்காக விடியலில் எழுந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று தெரியும். மாணவிகள் கைப்பேசியிலேயே கட்டுரையைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு சொடுக்கில் நூற்றுக்கணக்கான பதிவுகள் மென்பொருளுக்குள் விழுகின்றன. எளிதாக வருவதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை. அதனால் முதல் வகுப்பில் நான் மென்பொருளைத் திறப்பதே இல்லை. ஓர் ஆர்.ஐ.எஸ். கோப்பை நோட்பேடில் திறந்து, ஏ.யூ. வரிகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். “இவர் பேரு எது, இவங்கப்பா பேரு எது?” என்று கேட்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் விடை தெரிகிறது. கணினிக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரியும் என்பதை அவர்கள் அங்கே உணர்கிறார்கள்.

ஆய்வு தொடங்கும் இளையவர்கள் இதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன் தங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு தடவை முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் தொடங்கிய ‘ஆர்க்கிட்’ அமைப்பு ஆய்வாளருக்கு 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகத் தருகிறது. திருமணமானாலும் தலைப்பெழுத்து மாறினாலும் அந்த எண் மாறாது. பெண் பிள்ளைகள் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிவிட வேண்டும்.

கல்லூரி இதழ்களையும் தமிழ் வேளாண் இதழ்களையும் நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, இதழ், பக்கம் அடங்கிய சிறு ஆர்.ஐ.எஸ். கோப்பு ஒன்றை உங்கள் தளத்தில் வையுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. நோட்பேடு போதும், ஒரு கட்டுரைக்குப் பத்து வரி. பெயரை அதன் உரியவரிடம் கேட்டு எழுதுங்கள், யூ.டி.எஃப்.-8இல் சேமியுங்கள். டி.ஓ.ஐ. வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. பழைய தொகுதிகளுக்கு உங்கள் மாணவர்களை உட்கார வையுங்கள். எங்கள் கல்லூரியிலிருந்து உதவிக்கு ஆட்கள் வேண்டுமானாலும் அனுப்புகிறோம்.